சபூராவின் சிவப்பு எலும்பு

சபூரா ஜெயித்தவை இவை.

பிறந்த எட்டாம் மாதத்தில் அவளைப் பார்த்த டாக்டர், இந்தக் குழந்தை ஏழு வயதைத் தாண்டாது என்று தாயிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார். சபூரா முப்பத்து நான்கைத் தாண்டினாள். பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வலது கை மடங்கியே கிடக்கிறது, இடது கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, இவளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார்கள். குளிர் புகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாள்களைப் பார்த்து, ஒன்பதாவது வயதில் அவளாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். 1967 மே 21ஆம் தேதி, மாஸ்கோ ஸ்பார்த்தக்கை அவர்கள் மைதானத்திலேயே ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தாள். கோல் விழுந்தது கடைசி எறிதலில். 1968 கோப்பையில் மூன்று பெரிய அணிகளை வரிசையாக வெளியேற்றி அரையிறுதி வரை போனாள். 1979இல் நான்காம் இடம்.

1973ஆம் ஆண்டின் சாம்பியன் பட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. 1976 மார்ச் வரை அதுதான் முதல் வரியாக இருந்தது. அது நீக்கப்பட்டதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் எசிம்.

அவர்கள் கரஷோக்கியில் இருந்தார்கள். ஆரல் கடல் பக்கம் போகும் ரயில் பாதையில் ஐம்பத்திரண்டு வீடுகள் கொண்ட நிலையம் அது. எசிம் தங்கையைவிட எட்டு வயது மூத்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் சேர்ந்தவன். அவன் கையெழுத்து மட்டும் அச்சுப்போல் இருக்கும். தந்தை இல்லாத வீட்டில் தாயும் அவனும் சபூராவும். அண்ணனை அவள் கோகே என்று கூப்பிடுவாள். தாயை இருவரும் அபா என்பார்கள்.

சபூராவின் கட்டிலை ஒட்டிய சுவரில் இருந்தது விளையாட்டுப் பக்கம். "பக்கத்துச் சுவர்ப் பக்கமா படுக்க வெச்சிருந்தா இவ பருத்தி விளைச்சல்ல பெரிய ஆளாயிருப்பா," என்பாள் அபா. கால்பந்து மைதானத்தை சபூரா வாழ்நாளில் பார்த்ததில்லை. ரேடியோவில் கேட்டதும் சுவரில் படித்ததும்தான். பதினேழு வயதில் தனக்கென்று ஒரு லீக்கைத் தொடங்கினாள்.

ஆட்டின் கணுக்கால் எலும்பு இரண்டு. அந்த ஊரில் கறி தின்ற எந்த வீட்டிலும் ஒரு பை நிறைய இருக்கும் எலும்பு. நடக்கத் தெரிந்த குழந்தை எல்லாம் அதை எறிந்து விளையாடும். நான்கு பக்கம் கொண்டது. இரண்டு பக்கம் அகலம், இரண்டு பக்கம் குறுகல். எறிந்தால் அநேகமாக அகலத்தில்தான் படுக்கும். குறுகலான பக்கத்தில், காதுபோல் வளைந்த முனை மேலே தெரிய நிமிர்ந்து நின்றால் அதற்கு அல்ஷி என்று பெயர். பத்து எறிதலுக்கு ஒரு அல்ஷி விழுந்தால் கையில் வித்தை இருக்கிறது என்பார்கள். சபூரா அதை கோல் ஆக்கினாள். ஒரு எறிதல் பத்து நிமிட ஆட்டம். ஓர் அணிக்கு ஒன்பது எறிதல். அல்ஷி விழுந்தால் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஆஸ் முதல் ஜாக் வரை ஒன்று முதல் பதினொன்று. அந்த எண் சட்டை போட்டவன் கோல் அடித்தான். ராணி வந்தால் எதிராளி தன் வலையிலேயே போட்டுக்கொண்டான். ராஜா வந்தால் ஆஃப்சைடு, கோல் செல்லாது; மாட்டியவன் யார் என்பதற்கு இன்னொரு சீட்டு.

பதினாறு அணிகள். பதினைந்து அணிகள் செய்தித்தாளில் வருபவை. மாஸ்கோ, கீவ், திபிலிசி, அல்மா-அதா. பதினாறாவது கரஷோக்கி. அதில் ஆடிய பதினொரு பேரும் நிலையத்தில் வேலை பார்த்த நிஜ ஆட்கள். கோல்கீப்பர், சிக்னல் அறையில் இருந்த கொரியக்காரன் ஸோய். ஆறாம் எண் எசிம். கரஷோக்கிக்குச் சிவப்புச் சாயமேற்றிய எலும்பு, மற்ற எல்லோருக்கும் சாயமில்லாத வெள்ளை எலும்பு. மற்ற அணிகளின் ஆட்டங்களை வாரநாட்களில் தனியாக எறிவாள். எத்தனையாவது எறிதலில் எந்தச் சீட்டு என்பது முதற்கொண்டு நினைவில் வைத்திருந்து, எசிம் வேலை முடிந்து வந்ததும் சொல்வாள். அவன் நோட்டில் எழுதுவான். ஒரு நாளும் அவள் திருத்திச் சொன்னதில்லை.

கரஷோக்கியின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பொதுக் குளியலறையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஆட்கள் வந்து சுவரோரம் உட்காருவார்கள். அபா பால் தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வெளியூர் வேலைக்குப் போய் வந்தவன் திங்கட்கிழமை முதல் வேலையாக ஜன்னலைத் தட்டுவான்.

"சபூரா, நேத்து நான் எப்படி ஆடினேன்?"

"எட்டாவது எறிதல்ல ஒண்ணு போட்டீங்க. ராஜா வந்துடுச்சு."

"ஆஃப்சைடா? நானா? எனக்கு முட்டி வலி, நான் எங்க முன்னால ஓடினேன்!"

1969 வசந்தத்தில் கரஷோக்கி நன்றாகத்தான் தொடங்கியது. ஜூலையிலிருந்து பதினொரு ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி. கடைசி இரண்டு இடத்தில் நிற்கும் அணி லீக்கைவிட்டு வெளியேற வேண்டும் என்பது சபூரா போட்ட விதி. செப்டம்பர் கடைசியில் அவளுக்கு மார்ச்சளி பிடித்து நிமோனியாவாகிவிட்டது. நான்கு நாள் எதுவும் சாப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அபா கரண்டியால் சூப்பை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஊசி போட வந்த செவிலி வாசலில் நின்று எசிமிடம், "மருந்து பாதிதான் வேலை செய்யும். மீதி அவ மனசு வைக்கணும்," என்றாள்.

எசிம் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டான். சரக்குப் பெட்டிகளின் கதவில் போடும் ஈய முத்திரை ஒன்றை அரிசி அளவுக்குச் சுருட்டினான். சிவப்பு எலும்பின் குழிவான பக்கத்தில் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, ஈயத்தை உள்ளே தள்ளி, மெழுகால் அடைத்து, மேலே சாயம் பூசினான். எலும்பு அடிக்கடி அல்ஷியாக நிற்கச் சூதாட்டத்தில் எறிபவர்கள் செய்யும் வேலைதான். அந்த ஊரில் ஆண்பிள்ளை எல்லோருக்கும் தெரியும். 1969 அக்டோபர் 5, ஞாயிறு. மிச்சம் ஏழு ஆட்டங்கள்.

அன்று சபூராவின் கையில் எலும்பை வைத்து, "ஒரு ஆட்டம் எறி. முடியலன்னா நிறுத்திக்கலாம்," என்றான். படுத்தபடியே எறிந்தாள். இரண்டு அல்ஷி. இரண்டுக்கு ஒன்று ஜெயம். மாலையில் அரைக் கிண்ணம் சூப் குடித்தாள்.

பிறகு ஒரு முறை கேட்டாள்: "கோகே, சிவப்பு எலும்பு கொஞ்சம் கனக்குற மாதிரி இல்ல?"

"உன் கைக்கு இன்னும் தெம்பு வரல. அதான்," என்றான்.

அவள் தேறிய பிறகு ஈயத்தை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். அடுத்த வாரம், சீசன் முடியட்டும், குளிர்காலம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் கரஷோக்கி ஜெயிக்கும் அணியாகிவிட்டது. 1970இல் ஐந்தாம் இடம், 1971இல் மூன்று, 1972இல் இரண்டு. சுவரோரம் உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் எதையும் எடுக்க மனம் வரவில்லை. தங்கை சிரித்தால் அபா சிரித்தாள். அதைத் தினமும் பார்க்கிறவனால் எப்படி எடுக்க முடியும்?

1972 கோடையில் மோம்பெக் என்ற, ரயில்களைத் தடம் மாற்றிவிடும் தொழிலாளி, மனைவி ஷாரிபாவோடும் இரண்டு பெண்களோடும் கரஷோக்கிக்கு மாற்றலாகி வந்தான். எதற்கும் தாமதமாக வருவான். எல்லோரும் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். 1973 சீசனில் சபூரா அவனுக்கு ஏழாம் எண் சட்டை கொடுத்தாள். அந்த ஆண்டு நவம்பர் 18, கடைசி ஆட்டம், கீவ் தினமோவுடன். எட்டாவது எறிதல்வரை எதுவுமில்லை. ஒன்பதாவதில் சிவப்பு எலும்பு சுழன்று நிமிர்ந்து நின்றது. சபூரா சீட்டை எடுத்துத் திருப்பினாள். ஏழு. கரஷோக்கி சாம்பியன்! கூரை பிய்ந்துவிடும்போல் கத்தினார்கள். மோம்பெக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஒரு சுற்று வந்தார்கள். பயணிகள் ரயிலில் இருந்தவர்கள் கல்யாணம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

1974 ஜனவரியில், பனி வாரிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மோம்பெக் எழுந்திருக்கவில்லை. நாற்பதாம் நாள் சாப்பாட்டின்போது ஷாரிபா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்: "எதுக்கும் நேரத்துக்குப் போகாத மனுஷன். அந்த ஒரு நாள் மட்டும் சரியான நேரத்துக்குப் போய் நின்னாரு." அந்த ஒன்பதாவது எறிதலைத்தான் சொன்னாள்.

1976 மார்ச் 18, வியாழன். எசிம் வேலைக்குப் போயிருந்தான். சிவப்பு எலும்பின் சாயம் மங்கிவிட்டது, புது சீசனுக்குப் புதிதாக ஏற்றிக்கொடுப்போம் என்று அபா அதை வெங்காயத்தோலும் சாயப்பொடியும் போட்டுக் கொதிக்க வைத்தாள். இத்தனை ஆண்டும் அதன் மேல் பூசியிருந்தார்களே தவிர, யாரும் கொதிக்க வைத்ததில்லை. தண்ணீரை வடித்தபோது பானையின் அடியில் ஏதோ உருண்டது.

"சபூரா, இங்க பாரு!" அபா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் எலும்பு முட்டை போட்டிருக்கு!"

சபூரா இடது உள்ளங்கையில் அதை வாங்கிப் பார்த்தாள். மாலை ஏழு மணிக்கு எசிம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் கையைத் திறந்து காட்டினாள்.

"எந்தத் தேதி கோகே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். துளை முன்பே இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எசிம் நோட்டை எடுத்து, 1969 அக்டோபர் 5 என்ற பக்கத்தைத் திறந்தான். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தான். ஈயம் வைத்த அன்றே வைத்த புள்ளி.

"நான் செத்துடுவேன்னு பயந்தியா?"

"ஆமா."

"தோத்துட்டே இருந்திருந்தாலும் சாப்பிட்டிருப்பேன் கோகே. நிமோனியா எனக்குத்தான் வந்துச்சு, டீமுக்கு வரல."

அபாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சாயப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது ஒண்ணுதான இருக்கு," என்றாள் சபூரா. "மத்தது எல்லாத்தையும் எனக்காக நீங்கதான் செய்றீங்க. குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது. இத நான்தான் செய்றேன்னு நினைச்சிருந்தேன்."

எசிம் நோட்டை மூடினான்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் வரச்சொன்னாள். ஈயத்தை ஒரு தட்டில் வைத்து நடுவில் வைத்தாள். தன் வாயாலேயே சொன்னாள். எசிமைப் பேச விடவில்லை. பிறகு ஸோய் தொண்டையைச் செருமினான்.

"ஏம்மா, நான் பிடிச்ச பந்தாவது நிஜமா?"

"வெள்ளை எலும்புல ஒண்ணும் இல்ல. நீங்க விட்டதும் பிடிச்சதும் எல்லாம் நிஜம்."

"அப்பாடா! இந்த ஊர்லயே யோக்கியன் நான் ஒருத்தன்தான்."

சிலர் சிரித்தார்கள். எசிமைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் பாதையில் வேலை செய்யும்போது ஒருவன் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டான்: "எசிம், இந்த ஆணியெல்லாம் நீ அடிச்சதுதான? எல்லாத்தையும் பிடுங்கிட்டு இன்னொரு தடவை அடிச்சுப் பாத்துடலாமா?" எசிம் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆணியை அடித்தான். அந்த வசந்தம் முழுவதும் அவனுக்கு இப்படித்தான் போயிற்று.

சபூரா முதலில் நோட்டுகளைச் சோதித்தாள். 1966 முதல் பக்கம் பக்கமாக அபாவைப் புரட்டச் சொல்லி, தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு வாரம் ஆயிற்று. ஒரே ஒரு பிழை இருந்தது. ஓர் ஆகஸ்டை எசிம் ஜூலை என்று எழுதியிருந்தான். "நோட்டு சரியா இருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு விதி போட்டாள். வெள்ளை எலும்பின் எறிதல்கள் நிற்கும். சிவப்பு எலும்பின் எறிதல்கள் 1969 அக்டோபர் 5 முதல் அனைத்தும் ரத்து. நூற்று எண்பத்தேழு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒன்பது, ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று எறிதல். அத்தனையையும் புது எலும்பால், அந்தந்தத் தேதிப்படி, அன்றைக்கு ஆடியவர்களையே வைத்து மறுபடி எறிய வேண்டும். 1976 சீசன் கிடையாது. எசிம் எழுதலாம். எலும்பையும் சீட்டையும் தொடக்கூடாது.

இதைக் கேள்விப்பட்டு ஷாரிபா வந்தாள். சபூரா அவளை அண்ணி முறையில் ஜெங்கே என்பாள். ஷாரிபா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சபூராவின் மடங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் அடிச்சுக்கோ, சபூரா-ஜான். அந்த ஒரு கோலை மட்டும் விட்டுடேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

சபூராவின் கன்னம் துடித்தது. பேச்சு வருவதற்கு முன் எப்போதும் அப்படித்தான்.

"ஜெங்கே, அது அவர் அடிச்சது இல்ல. எங்கண்ணன் அடிச்சது."

எசிம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஷாரிபா எழுந்து, அவனைப் பார்க்காமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அந்த ஆட்டம் வரும்போது சொல்லி அனுப்பு. நானே வந்து பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 8ஆம் தேதி எறியத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம், தெம்பிருந்தால் நான்கு. முதலில் 1969இன் அந்தக் கடைசி ஏழு. மூன்றாம் நாள் அவை முடிந்ததும் எசிம் புள்ளிகளைக் கூட்டினான். மறுபடி கூட்டினான். கரஷோக்கி பதினான்காம் இடம். ஒரே ஒரு புள்ளியில் தப்பித்திருந்தது. ஈயம் இல்லாமலே தப்பித்திருந்தது.

எசிம் பேனாவை வைத்துவிட்டு வெளியே போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றான். அழுதானா என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். சபூரா, "1970 எடு," என்றாள்.

புது எலும்பு கொஞ்சமாகத்தான் கொடுத்தது. 1970இல் ஐந்தாம் இடம் பதின்மூன்றாயிற்று. மூன்று பன்னிரண்டாயிற்று. இரண்டு பதினான்காயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். பழைய கோல்களைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போக யாருக்குத்தான் பிடிக்கும்? ஸோய் மட்டும் வந்தான். ஒவ்வொரு ஆண்டு முடியும்போதும், தான் வாங்கிய கோல் எண்ணிக்கை மாறவில்லையே என்று கேட்டு உறுதிசெய்துகொண்டான்.

மே 16, ஞாயிறு. 1973இன் கடைசி ஆட்டம் வந்தது. சொல்லி அனுப்பினார்கள். ஷாரிபா நல்ல உடை உடுத்தி வந்து, ஆண்கள் உட்காரும் சுவரோரத்தில் உட்கார்ந்தாள். கீவின் எறிதல்கள் ஏற்கெனவே நோட்டில் இருந்தன: பூஜ்யம்.

சபூரா எறிந்தாள். அகலம். மறுபடி அகலம். மூன்றும் நான்கும் ஐந்தும் அப்படியே. ஆறாவதில் எலும்பு நிமிர்ந்து நின்றது. ஷாரிபா பாதி எழுந்துவிட்டாள். காது கீழே இருந்தது. மற்ற குறுகல் பக்கம். அது கோல் இல்லை. ஏழு. எட்டு. ஒன்பதாவதற்குமுன் சபூரா எலும்பை உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். எறிந்தாள். எலும்பு கம்பளத்தின் ஓரம்வரை உருண்டு, மல்லாந்து கிடந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் ஷாரிபா.

"அவ்வளவுதான் ஜெங்கே. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்."

அபா தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். ஷாரிபா வாங்கவில்லை. முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். எசிம் நோட்டில் இரண்டு பூஜ்யங்களை எழுதினான்.

"அந்த வருஷம் முழுக்க ஒண்ணுகூட இல்லையா அவருக்கு?"

சபூரா நோட்டைப் பார்க்கவில்லை. "ஒண்ணு இருக்கு. ஜூன் பதினேழு, திபிலிசி தினமோவோட. அஞ்சாவது எறிதல். போன புதன்கிழமை எறிஞ்சேன்."

"ஜெயிச்சோமா?"

"நாலுக்கு ஒண்ணு தோத்தோம்."

ஷாரிபா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "தோத்த ஆட்டத்துல ஒரு கோலு! அப்ப அது அவரேதான். கல்யாணத்தன்னிக்கே ரயிலைத் தவற விட்டவரு அவரு. எங்கப்பா நாள் முழுக்க ஸ்டேஷன்ல உக்காந்திருந்தாரு." பிறகு சிரிப்பு நின்றது. "அத ஒரு தாள்ல எழுதிக் குடு. பொண்ணுங்ககிட்ட பழசைச் சொல்லி வெச்சிருக்கேன். மாத்திச் சொல்லணும்னா கையில ஏதாவது வேணும்."

எசிம் பேனாவை எடுத்தான்.

"நீ வேணாம்," என்றாள் ஷாரிபா. கோபமாகச் சொல்லவில்லை. "உன் கையெழுத்து அழகா இருக்கு எசிம். ஆறு வருஷமும் அழகாத்தான் இருந்துச்சு. சபூரா எழுதட்டும்."

"அவ எப்பிடி எழுதுவா?" என்றாள் அபா. "பென்ஷன் தாளுக்கே கட்டைவிரலத்தான் ஒத்தறா."

"பூரா எழுத என்னால ஆகாது ஜெங்கே," என்றாள் சபூரா. "மேல இருக்கறத யார் வேணா எழுதட்டும். கீழ என் பேரை நான் போட்டா நம்புவீங்களா?"

"நம்புவேன்."

"நாளாகும்."

"ஆகட்டுமே. அவரு எங்க போயிடப் போறாரு."

மீதி இரண்டு ஆண்டுகளின் ஆட்டங்கள் ஜூன் முதல் வாரத்தில் முடிந்தன. அதன் பிறகு சபூரா எலும்பைத் தொடவில்லை. பென்சில் அவள் விரல்களில் நிற்கவில்லை. ஸோய் பிரேக் குழாயின் ரப்பர்த் துண்டொன்றை வெட்டி அதில் பென்சிலைச் செருகிக் கொடுத்தான். பழைய செய்தித்தாளை அட்டையில் ஊசியால் குத்தி மடியில் வைத்துக்கொள்வாள். அவர்கள் எழுத்தில் அவள் பெயருக்கு ஆறு எழுத்து. முதல் எழுத்து ஒரு வளைவுதான். அதற்கே பதினாறு நாள் ஆயிற்று. கை தன்னிஷ்டத்துக்கு ஓடித் தாளைக் கிழிக்கும். கிழிந்தால் அடுத்த தாள். எலும்பு எறிய நடுக்கம் தடையாக இருந்ததில்லை, உதவியாகவே இருந்தது. இதற்கு அது ஆகவில்லை.

ஒருநாள் எசிம் பொறுக்கமாட்டாமல் அவள் கையைப் பிடித்து வளைவைப் போட்டுக் காட்டப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ பிடிச்சா அது யார் எழுத்து கோகே?"

அவன் பிறகு அருகில் போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வந்தால் கட்டிலுக்கடியில் கிழிந்த தாள்கள் எத்தனை என்று மட்டும் பார்ப்பான். ஜூலையில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. ஆகஸ்ட் நடுவில் பன்னிரண்டு.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஷாரிபாவை வரச்சொன்னாள். ஸோயும் வந்தான். அபா மேசையைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டாள். தாள் நல்ல தாள், நிலைய அதிகாரியிடம் எசிம் கேட்டு வாங்கி வந்தது. ஸோய் பேனாவுக்குக் கை நீட்டினான்.

"கோகே எழுதட்டும்," என்றாள் சபூரா. "நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். ஜெங்கே, சரியா?"

ஷாரிபா எசிமை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ படிச்சாச் சரி."

எசிம் எழுதினான்: 1973 ஜூன் 17. கரஷோக்கி ஒன்று, திபிலிசி தினமோ நான்கு. கரஷோக்கியின் கோல், ஐந்தாம் எறிதல், ஏழாம் எண், மோம்பெக். எழுதி அவள் முன் வைத்தான். சபூரா வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு முறை படித்தாள். ரப்பர் சுற்றிய பென்சிலை எடுத்துத் தாளில் வைத்தாள். தாள் நழுவியது.

"தாளப் பிடி," என்றாள் அண்ணனிடம். "கையத் தொடாத."

எசிம் குனிந்து இரண்டு மூலைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தான். முதல் வளைவு வந்தது. இரண்டாவது எழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது. ஸோய் சீவிக் கொடுத்தான். மூன்றாவது எழுத்து மேலே ஏறிப்போய் மோம்பெக்கின் பெயரைத் தொட்டுவிட்டது. அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான்கு. ஐந்து. கடைசி எழுத்தின் கால் மட்டும் நீண்டு, எசிமின் கட்டைவிரல் நகம்வரை ஓடி நின்றது. அவன் விரலை எடுக்கவில்லை.

ஷாரிபா தாளை வாங்கி, எசிம் எழுதியதைப் படிக்காமல், கீழே இருந்ததை மட்டும் நெடுநேரம் பார்த்தாள். நான்காக மடித்து உடைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று தேதி 1976 ஆகஸ்ட் 29.